அரை வாக்கியத்தை நீ கொடு

பேராதனை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கலஹாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் தரம் 7 பிள்ளைகள் இங்கிலிஸ் பாடத்தில் வாயே திறப்பதில்லை, கல்வியியற் கல்லூரியில் சொல்லித் தந்தபடி வாக்கியச் சட்டகங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சட்டகத்தைக் குறை சொல்லாதே. எதைக் கொடுக்கிறாய், எப்போது எடுக்கிறாய், அதுதான் கேள்வி.

"ஐ லைக் ___" என்று எழுதிப் போட்டால் வகுப்பு முழுவதும் "ஐ லைக் ஐஸ்கிரீம்" என்றுதான் சொல்லும். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த, இங்கிலிசில் மட்டும் சொல்ல வராத சங்கதியைப் பிடி. உன் பிள்ளைகளில் பலருடைய அம்மாமார் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். மடுவத்தில் நிறுப்பது, ஃபெக்டரியில் வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது, சலிப்பது எல்லாம் தமிழில் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். முதலில் தமிழிலேயே சொல்ல விடு. நேரம் வீண் என்று நினைக்காதே. பிறகு பலகையில் "ஃபர்ஸ்ட், த பிளக்கர்ஸ் ___", "தென், த லீவ்ஸ் ஆர் ___", "ஆஃப்டர் தட், ___" என்று எழுது. வே, விதர், ரோல், ட்ரை என்ற சொற்களை ஓரத்தில் போட்டுவை. இருவர் இருவராகப் பேசிப் பார்த்த பிறகே கொப்பியைத் திறக்கச் சொல்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது வாக்கிய ஒழுங்கில். தமிழில் காரணம் முன்னால் வரும், வினை கடைசியில் உட்காரும். "மழை பெய்ததால் பஸ் பிந்தியது" என்று நினைக்கிற பிள்ளை "ரெயின் பிகாஸ் பஸ் லேட்" என்று எழுதுகிறது. சிவப்புப் பேனையால் வெட்டினால் அதற்கு ஒன்றும் விளங்காது. "த பஸ் வாஸ் லேட் பிகாஸ் ___" என்று கொடு. விளைவு முன்னால், காரணம் பின்னால் என்ற பாதை நாக்கில் படியும். நான்கைந்து காரணங்கள் வந்த பிறகு "பிகாஸ் ___, த பஸ் வாஸ் லேட்" என்று திருப்பிப் போடு.

இப்படிப்பட்ட உதவிக்குக் கட்டடம் கட்டும்போது போடுகிற சாரத்தின் பெயரை 1976இல் ஒரு கட்டுரையில் கொடுத்தவர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 பிள்ளைகளிடம் மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிட் கட்ட வைத்தார்கள். பிள்ளை தானாகச் செய்யக்கூடியதை முடிந்த மட்டும் பிள்ளையையே செய்ய விட வேண்டும் என்பது சொல்லிக் கொடுத்தவருக்கு இருந்த விதி. சுவர் எழும்பியதும் சாரத்தைக் கழற்றத்தானே வேண்டும்? நம்மவர்கள் பிரிஸ்டல் போர்ட்டில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டி, வருடக் கடைசி வரை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நீ அப்படிச் செய்யாதே. திங்கட்கிழமை முழுச் சட்டகம் இருக்கட்டும். புதன்கிழமை "பிகாஸ்" மட்டும் போதும். அடுத்த கிழமை பலகை வெறுமையாக இருக்கட்டும். தடுமாறுகிற பிள்ளையின் மேசையில் சட்டகத்தை எழுதிய ஒரு துண்டுத் தாள் வை. தானாக எழுதுகிற பிள்ளையைச் சட்டகத்துக்குள் அடைக்காதே; அது பெரிய பாவம். சாதாரண தரப் பரீட்சைக்கென்று டியூஷனில் முழுக் கட்டுரையையே மனனம் செய்ய வைக்கிறார்களே, அந்த வியாபாரத்துக்கும் இந்தச் சட்டக முறைக்கும் சம்பந்தமில்லை.

வரலாற்றுக்கும் இதே முறை உதவும். உன் பாடசாலையிலிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். "டெய்லர் பிளான்டட் டீ இன் 1867, பட் ___" என்று மட்டும் எழுதிவிட்டு, சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறு. அந்த "பட்" பிள்ளைகளிடம் சொந்தக் கருத்தைக் கேட்கிறது. மலையை வெட்டியது யார், கூடை சுமந்தது யார் என்று அவர்கள் வீட்டில் கேட்ட கதை அங்கே வரும். இலக்கணப் பிழையோடு வந்தாலும் அன்றைக்குத் திருத்தாதே.

அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது நான்கைந்து கொப்பிகளைக் கொண்டு வா. நன்றாக எழுதுகிற பிள்ளைகளுடையது வேண்டாம். வாய் திறக்காத பிள்ளைகளின் கொப்பிகளாகப் பார்த்து எடுத்து வா.

அன்புடன்,
பெரியம்மா