பட்டியல் வேண்டாம், பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘சார், எந்த வேர்ட் லிஸ்ட் நல்லது?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் போதும். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அதையும் உருப்போட வேண்டாம். படிக்கும்போது எதில் கண் நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’யையும் பலர் கேட்பார்கள். வேர்ச்சொற்களுக்கு அது நல்ல புத்தகம். ஆனால் அதிலுள்ள பல சொற்களைச் செய்தித்தாளில் தேடினாலும் கிடைக்காது.

நான் சொல்லும் வழி, ஒரே விஷயத்தை விடாமல் படிப்பது. இன்று கிரிக்கெட், நாளை சினிமா என்று தாவினால் புதுச் சொல்லை மறுபடி சந்திப்பதற்குள் அது மறந்துவிடும். ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். வங்கியின் இணையதளத்தில் இலவசம். ‘இன்ஃப்ளேஷன்’ வருகிற இடத்தில் ‘ஈஸ்’, ‘பெர்சிஸ்ட்’, ‘மாடரேட்’ என்று அதே கூட்டம் திரும்பத் திரும்ப வரும். ‘மாடரேட்’ என்றால் ‘மிதமான’ என்று படித்திருந்த மாணவி, ‘இன்ஃப்ளேஷன் மாடரேட்டட்’ என்ற வரியில் முட்டி நின்றார். பணவீக்கம் தணிந்தது, அவ்வளவுதான். அடுத்த அறிக்கையில் அதே வினை வந்தபோது நிற்காமல் தாண்டிப் போனார்.

நோட்டில் எழுதும்போதும் தனிச் சொல்லையும் தமிழ் அர்த்தத்தையும் எழுதாதீர்கள். பக்கத்துச் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். டீக்கு ‘ஸ்ட்ராங்’ வரும், மழைக்கு ‘ஹெவி’தான் வரும். இலக்கணம் இதற்குக் காரணம் சொல்லாது, காது பழக வேண்டும். அகராதியில் நான் கைகாட்டுவது 1987-இல் வந்த கோபில்ட் வரிசையை. பொருளையே முழு வாக்கியமாகச் சொல்வதால், சொல் புழங்கும் விதமும் கூடவே தெரிந்துவிடும்.

சொற்களைப் பழக ஃப்ளாஷ் கார்டு அட்டை போடுகிறவர்கள் முன்பக்கத்தில் சொல்லை எழுதுவதை விட்டுவிட்டு, படித்த வாக்கியத்தை எழுதி அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். தேர்வில் வரும் க்ளோஸ் டெஸ்ட்டிலும் அதைத்தானே கேட்கிறார்கள்?

அடுத்த அறிக்கை வந்ததும் அச்செடுத்து வையுங்கள். முதல் வாசிப்பில் புதுச் சொல்லைத் தேட வேண்டாம்; போன அறிக்கையில் பார்த்த சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள்.