கணக்கெடுப்பில் விடுபடக் கூடாத வீடுகள்



கல்வி உதவி, மருத்துவ உதவி என்று திட்டமிடும் முன் மஹல்லாவின் உண்மை நிலை தெரிய வேண்டும். எல்லா வீடுகளுக்கும் போக ஆளும் நேரமும் இல்லாதபோது, சில வீடுகளில் மட்டும் கேட்டு முழு நிலையைக் கணிக்கிறோம். இதுவே மாதிரிக் கணக்கெடுப்பு. எந்த வீடுகளில் கேட்பது?

எல்லாப் பெயர்களையும் எழுதிக் குலுக்கி எடுப்பது எளிய வழி. இதில் பாரபட்சம் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. 400 குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவை எடுத்துக்கொள்வோம். கணவரை இழந்த சகோதரிகள் நடத்தும் குடும்பங்கள் 40. மற்றவர்களில் சொந்த வீட்டில் 240, வாடகை வீட்டில் 120. குலுக்கி 40 பெயர் எடுத்தால் சராசரியாக அந்தச் சகோதரிகளில் 4 பேர் வரவேண்டும். ஒருவரோ இருவரோ மட்டும் வரவும் கூடும். உதவி அதிகம் தேவைப்படுவோரின் குரலே கேட்காமல் போய்விடும்.

எனவே பட்டியலை முதலில் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் தனியே குலுக்க வேண்டும். இதுவே அடுக்கு மாதிரி முறை. இதன் சிறப்பைப் புள்ளியியல் அறிஞர் ஜெர்ஸி நேமன் 1934இல் விளக்கினார். இந்தியாவில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இவ்வாறு பிரித்தே எடுக்கிறது. முஸ்லிம்களின் நிலை குறித்த 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கைக்கும் அதன் விவரங்கள் பயன்பட்டன.

நம் உதாரணத்தில் சொந்த வீட்டார் 20, வாடகை வீட்டார் 10, சகோதரிகள் 10 என எடுப்போம். முதல் இரு பிரிவுகளில் ஒரு வீடு 12 வீடுகளுக்குப் பேசுகிறது. சகோதரிகள் பிரிவில் 4 வீடுகளுக்கு. பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று முறையே 5, 4, 6 பேர் சொன்னால், 60 + 48 + 24 = 132 குடும்பங்கள். இப்படிப் பெருக்காமல் 40க்கு 15 என்று மட்டும் பார்த்தால் 150 என்று தவறாக வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். குலுக்கலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடிக்காதீர்கள்; கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரத்தில் மறுபடி செல்லுங்கள். சந்தா புத்தகத்தை மட்டும் பட்டியலாகக் கொள்ளாதீர்கள். சந்தா கட்ட இயலாதவர் அதில் இருக்கமாட்டார். பட்டியலில் இல்லாத வீட்டை எந்தக் குலுக்கலும் கொண்டுவராது.

நம் கையில் உள்ள நிதி அமானிதம். அது உரியவரைச் சேர, கணக்கும் நேர்மையாக இருக்கட்டும்.