ஆலை மணி ஒலிக்கும் சிற்றூர்

பருத்தி விளைவிப்போரும் நூல் வாங்கித் தறியேற்றுவோருமாகிய நாம் நூற்பாலையைப் பெரும்பாலும் வெளியிலிருந்து கண்டவர்களே. அதன் அருகே, அவ்வாலைக்கெனவே எழுப்பப்பெற்ற சிற்றூரில், ஒரு குடும்பம் விடியல் முதல் இரவு வரை எவ்வாறு வாழ்கிறது என்பதை உள்ளிருந்து அறிந்தவர் நம்முள் மிகச் சிலர். நகரத்து ஆலையில் உழைப்பவன் மாலையில் வாயிலைக் கடந்தால் வேறோர் உலகத்தை அடைகிறான். அங்கே ஆலைக்குத் தொடர்பற்ற கடை உண்டு, வீட்டுக்காரன் உண்டு, வேறு வேலையும் கிடைக்கக்கூடும். நாட்டுப்புறத்து ஆலையூரில் அவ்வாறன்று. வேலை தருபவரே வீடும் தருகிறார். அவரே கடை நடத்துகிறார். குழந்தை படிக்கும் பள்ளியும் அவருடையதே. அத்தகைய ஊர் ஒன்றை, கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றோடு நெருங்கிய உறவுடைய ஊரை, இத்திங்கள் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது ஸ்காத்லாந்து தேசத்திலுள்ள நியூ லனார்க்.

நூற்பாலையை நகரத்தில் கட்டாமல் மலைப்பள்ளத்தில் ஏன் கட்டவேண்டும் என்ற ஐயம் எழக்கூடும். நீராவி எந்திரம் பரவுமுன் சக்கரத்தைச் சுழற்ற நீர்வீழ்ச்சியே வழி. நீர் ஆலையைத் தேடி வாராது. ஆலைதான் நீரைத் தேடிச் செல்லவேண்டும். நம் நாட்டிலும் தாமிரபரணி மலையினின்று இறங்கும் பாபநாசத்தருகே, விக்கிரமசிங்கபுரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்பாலை எழுந்தது இக்காரணம் பற்றியே. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, கிளைடு ஆறு பாறைகளினூடே விழுந்தோடும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கைக் கிளாஸ்கோ நகரத்து வணிகரான டேவிட் டேல் என்பவர் தேர்ந்தெடுத்தார். நூற்பு எந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டும் தொடக்கத்தில் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். 1785இல் வேலை தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே நூற்பு நிகழ்ந்தது. பாறையைக் குடைந்து வாய்க்கால் அமைத்து ஆற்றுநீரைச் சக்கரங்களுக்குக் கொண்டுவந்தனர். முதல் ஆலை 1788இல் தீக்கிரையாகி, மீண்டும் எழுப்பப்பட்டது.

கட்டடத்தையும் சக்கரத்தையும் பணம் கொண்டு நிறுவிவிடலாம். ஆட்களை எங்கிருந்து கொணர்வது? அக்காலத்து உழவரும் கைத்தறியாளரும் மணியோசைக்குக் கட்டுப்பட்டு நாளெல்லாம் மூடிய அறையில் நிற்பதை இழிவெனக் கருதினர். (நம்மூர்த் தறிக்காரர் இன்றும் அவ்வாறு சொல்வதுண்டு, அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.) ஆகவே டேல் இரு வழிகளை நாடினார். நிலத்தை இழந்து பிழைப்புத் தேடிய வடபுலத்து மலைநாட்டுக் குடும்பங்களை அழைத்து வீடு கொடுத்தார். 1791இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று புயலால் கிரீனாக் துறைக்கு ஒதுங்கியபோது, அதில் வந்தவர்களிற் பலர் அவருடைய ஆலைக்கு வந்து சேர்ந்தனர். மற்றொரு வழி, எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அனாதை விடுதிகளிலிருந்து குழந்தைகளைக் கொணர்தல். அத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அங்கே தங்கியிருந்தனர்.

அக்குழந்தைகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை 6 மணிக்கு ஆலையில் நிற்கவேண்டும். எந்திரத்தின் கீழே தவழ்ந்து பஞ்சுக்கழிவைப் பெருக்குவதும், அறுந்த இழையை ஒட்டுவதும் அவர்கள் தொழில். உணவுக்கு இடையில் சிறிது ஓய்வு. மாலை 7 மணிக்கு வேலை முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம்! அக்காலத்து முதலாளிகளுள் டேல் இரக்கமுடையவர் என்றே பெயரெடுத்தவர்; உணவும் துணியும் பிறரைவிட நன்றாகவே கொடுத்தார். இரக்கமுடையவரின் ஆலையிலே இந்நிலை என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

குடும்பங்களின் வாழ்வையும் காண்போம். உயர்ந்த கல்வீட்டு வரிசைகளில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் அவ்வோர் அறையிலேயே. சுவரோடு பொருத்திய கட்டிலில் பெரியவர்கள் படுப்பர். அதன் கீழே உருளைகள் வைத்த தாழ்ந்த கட்டில் ஒன்று இருக்கும். இரவில் அதை வெளியே இழுத்துப் பிள்ளைகளைக் கிடத்துவர். தண்ணீர் வெளியிலிருந்து சுமந்து வரவேண்டும். ஆலைக்குள்ளே இழை அறாதிருக்க வெப்பமும் ஈரமும் வேண்டும். பஞ்சுத் தும்பு மூக்கிலும் தொண்டையிலும் படியும். அவ்வெப்பத்திலிருந்து வெளியேறினால் ஸ்காத்லாந்தின் குளிர்காற்று. இருமல் அவ்வூரின் பழக்கமான ஓசைகளுள் ஒன்றாக இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

1800 ஜனவரி முதல் நாள் டேலின் மருமகனாகிய ராபர்ட் ஓவன் நிர்வாகத்தை ஏற்றார். வேல்ஸ் நாட்டவர், அப்போது அவருக்கு வயது 28. மனிதனின் குணத்தை அவன் வாழும் சூழ்நிலையே ஆக்குகிறது என்பது அவர் கொள்கை. ஆகவே தண்டிப்பதைக் குறைத்துச் சூழ்நிலையை மாற்ற முற்பட்டார். விடுதிக் குழந்தைகளை மேலும் கொணர்வதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதையும் நிறுத்தினார். வேலைநேரம் படிப்படியாகக் குறைந்து, 1816ஆம் ஆண்டளவில் உணவு வேளை நீங்கலாகப் பத்தேமுக்கால் மணி என்ற அளவுக்கு வந்தது. தெருக்கள் துப்புரவாயின, வீடுகள் விரிந்தன. நோயுற்றோருக்கு உதவ ஒரு நிதி ஏற்பட்டது. கூலியில் அறுபதில் ஒரு பங்கு அதற்குப் பிடிக்கப்பட்டது. அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியைத் தடைசெய்து பஞ்சு விலை ஏறியபோது ஆலை நான்கு மாதம் நின்றது. அந்நான்கு மாதமும் எந்திரங்களைத் துடைத்து வைப்பதற்கென்று அனைவருக்கும் முழுக் கூலி கொடுக்கப்பட்டது. அதற்கு ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று என்று ஓவனே எழுதியுள்ளார். அதுவரை அவரை ஐயுற்றிருந்த தொழிலாளர் அதன் பிறகே அவரை நம்பினர்.

அவ்வூரில் எல்லாம் இனிமையாக இருந்ததென்றும் எண்ணவேண்டா. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமுடைய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கும். முந்தின நாள் நடத்தை தீயதெனில் கறுப்புப் பக்கம், சுமாரெனில் நீலம், நன்றெனில் மஞ்சள், மிக நன்றெனில் வெள்ளை முன்னே திருப்பி வைக்கப்படும். அடியும் இல்லை, வசவும் இல்லை. ஆயினும் வருவோர் போவோர் அனைவரும் பார்ப்பர். அன்றாட நிறம் ஏட்டிலும் பதியப்படும். வீடுகளின் துப்புரவைப் பார்வையிடவும் குழுவினர் வருவர். அவர்களுக்குப் பெண்கள் இட்ட பெயர் 'மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்' என்பது. நம் பெண்டிரும் வேறு பெயர் இட்டிருக்க மாட்டார்கள்! துப்புரவு நன்மைக்கே, ஆனால் தன் அடுப்பங்கரையைப் பிறர் வந்து சோதிப்பதை யார்தான் விரும்புவர்?

இனிப் பண்டகசாலைக்கு வருவோம். நம் பாடத்தின் நடு இதுவே. ஓவன் வருமுன் அவ்வூரில் சில்லறைக் கடைகள் சில இருந்தன. கடனுக்குப் பொருள் கொடுத்தன. பொருள் தாழ்ந்தது, விலை உயர்ந்தது. கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக இயலாது. ஓவன் ஆலையின் பணத்தைக் கொண்டு மாவு, இறைச்சி, துணி முதலியவற்றை மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கி, அடக்கவிலைக்குச் சிறிது மேலே வைத்து விற்கச் செய்தார். பொருள் தூயது, நிறை சரியானது, விலை குறைந்தது. கிடைத்த இலாபம் ஆலையின் பெட்டிக்குப் போகவில்லை, ஊர்ப்பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. நாட்டில் சில்லறை நாணயம் தட்டுப்பட்டிருந்த காலத்தில், ஸ்பானிய வெள்ளி நாணயங்களின்மேல் 'லனார்க் ஆலையில் 5 ஷில்லிங்குக்குச் செல்லும்' என்னும் பொருள்பட முத்திரை குத்தி அவ்வாலை வழங்கியதும் உண்டு. அத்தகைய நாணயங்கள் இன்றும் காட்சிசாலைகளில் இருக்கின்றன.

இப்பண்டகசாலையைக் கூட்டுறவுக் கடையின் முன்னோடி என்று நூலோர் கூறுவர். மொத்தக் கொள்முதல், நியாய விலை, இலாபத்தைக் கல்விக்குச் செலவிடுதல் ஆகியவற்றை நோக்கின் அது உண்மையே. ஆயினும் தணிக்கை செய்வோனின் கண்கொண்டு நோக்கினால் ஒன்று குறைகிறது. அக்கடையின் பேரேட்டை ஊரார் பார்த்ததில்லை. அதற்குப் பொதுக்கூட்டம் இல்லை. விற்பனையாளனை நீக்கவோ விலையைக் கேட்கவோ அவ்வூரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தின் பண்டகசாலைக் கணக்கை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் நூல் வாங்க வந்தார். சேதாரமென்று எழுதப்பட்டிருந்த சர்க்கரை, நம் அறிவுக்கு எட்டியவரையில், எறும்பு தின்னக்கூடிய அளவுக்கு மேற்பட்டிருந்தது. பொதுக்கூட்டத்தில் இதைப்பற்றி யாரேனும் கேட்டதுண்டா என்று அவரை வினவினோம். "கடை தலைவரய்யா நடத்துறதுங்க. நல்லபடியாத்தான் நடத்துறாரு. நாங்க போயி எதைக் கேக்கிறது?" என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் அச்சங்கத்தின் பங்குதாரர். அக்கடை அவருடையது என்பதை நாம் சொன்னபோது, உபசாரத்துக்குச் சொல்லுகிறோம் என்று எண்ணிச் சிரித்தார். தலைவரும் கெட்டவரல்லர்; உண்மையில் உழைப்பவர். சேதாரத்தை எழுதியது அவரும் அல்லர் என்பது பின்னர் விளங்கிற்று. கேட்பார் இல்லாமையால் அவருக்கும் தெரியாமற் போயிற்று.

நியூ லனார்க்குக்கு மீள்வோம். 1813ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை ஏலத்துக்கு வந்தபோது, ஓவன் புதிய பங்காளிகளோடு சேர்ந்து அதை 1,14,100 பவுனுக்கு எடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. எஞ்சிய இலாபம் தொழிலாளரின் நன்மைக்கு என்பது ஏற்பாடு. பங்குக்கு வரம்பிட்ட வட்டி என்னும் நம் விதியை இது நினைவூட்டுகிறதன்றோ? அந்நிதியைக் கொண்டு 1816 ஜனவரி முதல் நாள் குணவளர்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கெல்லாம் அங்கே இடம். பிரிட்டனின் முதல் குழந்தைப் பள்ளி அது என்பர். அதற்கு ஆசிரியராக ஓவன் யாரைத் தேர்ந்தார் என்பது நம் வாசகருக்கு மகிழ்ச்சி தரும்: ஜேம்ஸ் புக்கனன் என்னும் கைத்தறி நெசவாளரை! அவருக்குப் பெரும்படிப்பு இல்லை. குழந்தைகளிடம் எல்லையற்ற பொறுமை இருந்தது. பிரம்பு இல்லை, புத்தகத்தால் வருத்துதல் இல்லை, பாட்டும் ஆட்டமும், தோட்டத்திலும் காட்டிலும் உள்ளவற்றைக் கண்டு பேசுதலும் பாடமாயின. அயல்நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து கண்டு சென்றனர்.

1819இல் வந்தவருள் ராபர்ட் சதே என்னும் கவிஞரும் ஒருவர். அவர் எல்லாவற்றையும் பாராட்டினார். பாராட்டியபின் தம் குறிப்பில், இவ்வூருக்கும் அடிமைத் தோட்டத்துக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை, இங்குள்ளோர் சட்டப்படி விலகிச் செல்லலாம் என்பதே வேறுபாடு என்று கருத்துப்பட எழுதினார். கடுஞ்சொல்தான். அச்சொல்லுக்கு அவர் அறிந்தோ அறியாமலோ மற்றொரு பொருளும் உண்டு: அவ்வாலை நூற்ற பஞ்சில் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் அடிமைகள் விளைவித்தது. நூற்போரின் நன்மையை எண்ணிய அவ்வேற்பாட்டில் விளைவித்தோருக்கு இடமே இல்லை. பருத்தி விளைவிக்கும் நம் அங்கத்தினர் இதைக் குறித்துக்கொள்க.

சதே சொன்னது எவ்வளவு மெய் என்பது ஐந்தாண்டுகளில் வெளிப்பட்டது. பங்காளிகளுள் ஒருவரான வில்லியம் ஆலன் சமயப்பற்று மிக்கவர். பள்ளியில் ஆட்டமும் பாட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1824இல் பங்காளிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். நிறுவனத்தின் செலவில் நடனம் கற்பித்தல் நின்றது. பிள்ளைகளைப் பெற்றவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற விதியும் இல்லை. அதுவோ அவர்கள் வாங்கிய பண்டத்தின் இலாபத்தால் வளர்ந்த பள்ளி! அதன்பின் ஓவன் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்னும் புதுவூரை அமைக்கச் சென்றுவிட்டார். அதுவும் சில ஆண்டுகளில் குலைந்தது. நியூ லனார்க் வாக்கர் குடும்பத்தார் கைக்கு மாறிற்று. தொழிலாளர் அடுத்த நாளும் அதே மணியோசைக்கு எழுந்து சென்றனர்.

1844 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து டோடு லேன் தெருவில், இருபத்தெட்டுப் பவுன் முதலோடு, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி முதலிய சிலவற்றை வைத்து ஒரு கடை திறக்கப்பட்டது. திறந்தோரிற் பலர் நெசவாளர். சிலர் ஓவனின் கொள்கையில் ஊறியவர். நியூ லனார்க் கடையோடு ஒப்பிட்டால் அது பரிதாபத்துக்குரிய கடை. ஆனால் ஓவன் கொடாத ஒன்றை அவர்கள் தம் விதிகளில் எழுதிக்கொண்டனர்: ஆளுக்கு ஒரு வாக்கு, கணக்கு அங்கத்தினர்முன் வைக்கப்படவேண்டும், உபரி, வாங்கிய அளவுக்கேற்ப வாங்கியவருக்கே திரும்பவேண்டும்.

நியூ லனார்க் அதன்பின்னும் ஆலையூராகவே நீடித்தது. 1881இல் மற்றொரு நிறுவனம் அதை வாங்கிற்று. 1933இல்தான் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வந்தன. ஆலையின் மின்சாரம் வீடுகளுக்கு இலவசமாகவே கிடைத்தது. அறைக்கு ஒரு மங்கிய விளக்கு. இரவு 10 மணிக்கு, சனிக்கிழமையெனில் 11 மணிக்கு, ஆலை விசையை நிறுத்தும். ஊர் முழுவதும் இருளும். இலவசமாகப் பெற்ற விளக்கை இன்னும் சிறிது நேரம் எரியவிடுங்கள் என்று யாரிடம் கேட்பது? 1955இல் நாட்டின் பொது மின்தொடர் வந்த பிறகே அவர்கள் தாம் விரும்பிய நேரத்தில் விளக்கணைக்கத் தொடங்கினர்.

1968இல் ஆலை மூடப்பட்டது. பிழைப்பு நின்றதும் குடும்பங்கள் கலைந்தன, கட்டடங்கள் பாழடையலாயின. வீடுகளைக் காக்க ஒரு வீட்டுவசதிச் சங்கம் 1963லேயே தோன்றியிருந்தது. பின்னர் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையும் ஏற்பட்டது. 2001இல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் சிலர் அங்கே குடியிருக்கின்றனர்; ஓர் ஆலை விடுதியாகியுள்ளது; காண வருவோருக்காகக் கம்பளி நூலும் சிறிது நூற்கின்றனர். தொழிலாளரை விடியலில் எழுப்பிய மணி அதன் கூண்டிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் மட்டும், அதை அடிக்கிறார்கள்.