ஹாஸ்கெலில் உள்ளீடு: சோம்பலை எங்கே நம்பலாம்?

ஹாஸ்கெல் சோம்பேறி மொழி. மதிப்பு தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது. பயனரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிரலில் இந்தக் குணம் தலைவலியாகலாம். அங்கே எது முன்னால், எது பின்னால் என்பதுதானே எல்லாம்!

சுருக்கமான வழி இன்டராக்ட். உள்ளீடு முழுவதையும் ஒரே சரமாக வாங்கி, வெளியீட்டை இன்னொரு சரமாகத் தரும் ஃபங்ஷனை எழுதிக் கொடுத்தால் போதும். சரம் தேவைக்கேற்பப் படிக்கப்படுவதால், டெர்மினலில் முதல் வரியைத் தட்டியதுமே அதற்கான விடை வந்துவிடும். வரி வரியாக மாற்றும் சிறு வடிகட்டிகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் உரையாடலுக்கு வேண்டாம். "உங்கள் பெயர்?" எப்போது திரையில் தோன்றும் என்பது, ஃபங்ஷன் உள்ளீட்டை எந்த இடத்தில் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பேட்டர்ன் மேட்ச் முந்திக்கொண்டால், பதிலைத் தட்டிய பிறகுதான் கேள்வி வரும்.

இது பழைய சிக்கல். 1990-இல் வந்த ஹாஸ்கெல் 1.0-இல், நிரல் என்பதே பதில்களின் பட்டியலை வாங்கிக் கோரிக்கைகளின் பட்டியலைத் தரும் ஃபங்ஷன். கோரிக்கையை விடும் முன்பே பதிலைப் பார்க்கப் போனால் நிரல் சிக்கி நிற்கும். சைமன் பெய்டன் ஜோன்ஸும் ஃபிலிப் வாட்லரும் 1993-இல், செயல்களை வரிசையாகக் கோக்கும் மோனட் வழியை முன்வைத்தார்கள், 1996-இல் 1.3 பதிப்பு அதற்கு மாறியது.

அந்த ஐஓ மோனட்தான் இரண்டாவது வழி. டூ பிளாக்கில் எழுதிய வரிசையிலேயே புட்ஸ்டர், கெட்லைன் எல்லாம் நடக்கும். புதிதாக வருபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஊடாடும் சூழலான ஜிஹெச்சிஐ-யில் ஒழுங்காகத் தெரிந்த கேள்வி, கம்பைல் செய்த நிரலில் காணாமல் போகும். பழி சோம்பல் மீது விழும்; உண்மையில் காரணம் பஃபர். புதுவரிக் குறி வரும்வரை எழுத்துகள் அங்கேயே தேங்கும். பஃபரைக் காலி செய்யும் எச்ஃப்ளஷ் போட்டால் தீர்ந்தது.

சோம்பலான வாசிப்பையும் ஐஓ வரிசையையும் கலப்பதுதான் ஆபத்து. வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிடும் வித்ஃபைலுக்குள், சோம்பலாகப் படிக்கும் எச்கெட்கன்டென்ட்ஸ் செய்து சரத்தை வெளியே கொண்டுவந்தால், படிக்கத் தொடங்கும்போது கோப்பு மூடியிருக்கும். ரீட்ஃபைலால் படித்த கோப்பிலேயே திருப்பி எழுதப் போனால், "கோப்பு பூட்டப்பட்டுள்ளது" என்று பிழை வரலாம். பேஸ் நூலகத்தின் 4.15 பதிப்பிலிருந்து, பெயரின் முடிவில் ஒற்றை மேற்கோள் குறி கொண்ட இன்னொரு ரீட்ஃபைல் இருக்கிறது; அது கோப்பை உடனே முழுதாகப் படித்துவிடும்.

மூன்றாவது, கான்டியூட், பைப்ஸ் போன்ற ஸ்ட்ரீமிங் நூலகங்கள். நினைவகத்தில் அடங்காத லாக் கோப்பு, மணிக்கணக்கில் திறந்திருக்கும் நெட்வொர்க் இணைப்பு என்றால் இவையே சரி. டைப்புகளோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பயனரோடு பேசும் நிரலா? யோசிக்காமல் டூ பிளாக். வடிகட்டி என்றால் இன்டராக்ட். சில மெகாபைட் கோப்புக்காகக் கான்டியூட் கற்க உட்காராதீர்கள். டெக்ஸ்ட் டைப்பாக முழுதும் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.