பழைய டி.பி.யை விசா ஃபாரத்துல எழுதலாமா? எழுதித்தான் ஆகணும்!

ஆஸ்திரேலியா பி.ஆர்.க்கு அப்ளை பண்ற வீடுகள்ல இங்கிலீஷ் டெஸ்ட் மார்க்குக்கும் பாயின்ட்ஸுக்கும் மண்டையை உடைச்சுக்கிறீங்க. ஹெல்த் கேள்வி வந்ததும் மட்டும் மடமடன்னு எல்லாத்துக்கும் ‘நோ’ தட்டிட்டுப் போயிடுறீங்க. அங்கதான் மாட்டுறீங்க. முழுசா மருந்து சாப்பிட்டு குணமான டி.பி.க்காக ஆஸ்திரேலிய இமிகிரேஷன்காரங்க விசா மறுக்கறதில்ல. அதை மறைச்சா மறுக்க முடியும். இந்த வித்தியாசத்தை முதல்ல மண்டையில ஏத்திக்கோ, மீதியை அப்புறம் பேசலாம்.

1. ‘எனக்கு டி.பி.யே வந்ததில்ல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு போன் போடு

நம்ம வீடுகள்ல டி.பி.யை டி.பி.ன்னு யாரு வாய்விட்டுச் சொல்றாங்க? குழந்தைக்கு வந்தா ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. கழுத்துல வந்தா ‘நெறி கட்டியிருந்துச்சு’. நுரையீரலைச் சுத்தி வந்தா ‘நெஞ்சுல நீர் கோத்துருந்துச்சு’. பேர் என்னவா இருந்தாலும் அடையாளம் ஒண்ணுதான்: ஆறு மாசமோ அதுக்கு மேலயோ விடாம மாத்திரை, ஆரம்பத்துல யூரின் ஆரஞ்சு கலர்ல போனது. அந்தக் கலர் ரிஃபாம்பிசின் மாத்திரையோட வேலை. அம்மா ‘ஆமா, ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஆறு மாசம் குடுத்தோமே’ன்னு சொன்னா, உனக்கு வந்தது பெரும்பாலும் டி.பி.தான்.

ஃபாரத்துல கேக்குறது மூணு விஷயம். உனக்கு எப்பவாவது டி.பி. இருந்துச்சா? குடும்பத்துல டி.பி. இருந்தவரோட நெருங்கிப் பழகினியா? நெஞ்சு எக்ஸ்ரேல எப்பவாவது கோளாறு தெரிஞ்சுதா? ‘கடைசி அஞ்சு வருஷத்துல’ன்னு எந்த வரம்பும் இதுல கிடையாது. அதனால ‘அது முப்பது வருஷக் கதை’ங்கிற சமாதானம் எடுபடாது. ஒரே வீட்டுல இருந்த தாத்தாவுக்கு வந்திருந்தா அதையும் எழுது.

2. ‘எழுதாதீங்க சார், பிரச்சினையாகும்’னு சொல்ற ஏஜென்ட்டை நம்பாதே

பிரச்சினை அவருக்கு ஆகாது, உனக்குத்தான் ஆகும். பி.ஆர். மெடிக்கல்ல பதினோரு வயசு ஆன எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. ஆறிப்போன டி.பி.யும் பல பேருக்கு நுரையீரல்ல தழும்பை விட்டுட்டுப் போயிருக்கும். ஃபாரத்துல ‘இல்ல’, எக்ஸ்ரேல ‘இருக்கு’ன்னா அவங்க என்ன நினைப்பாங்க? பொய்யான தகவல் கொடுத்தா 4020-ங்கிற விதிப்படி விசாவை மறுக்கலாம். அப்படி மறுத்தா மூணு வருஷத்துக்குப் பல விசாக்களுக்கு வழி அடைபட்டுப் போகும். ஒரே விண்ணப்பத்துல இருக்குற குடும்பத்தையும் சேர்த்துதான் இது பிடிக்கும். ‘ஏஜென்ட்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ன்னு சொல்லியும் தப்பிக்கிறது கஷ்டம். சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஹெல்த் பக்கத்தை நீயே ஒரு தடவை படி. பத்து நிமிஷம் ஆகுமா?

3. புருஷனுக்கே தெரியாதா? இன்னிக்கு ராத்திரியே சொல்லிடு

இது பொண்ணுங்களுக்கு. கல்யாணம் பேசும்போது ‘டி.பி. இருந்ததைச் சொல்லிடாதே, சம்பந்தம் போயிடும்’னு வீட்டுல வாயை அடைச்சிருப்பாங்க. எத்தனை பேருக்கு இந்தக் கதைன்னு எனக்குத் தெரியும், உன்மேல தப்பு சொல்ல வரல. ஆனா விண்ணப்பத்துல அவர் முதல் ஆளு, நீ கூடச் சேர்ந்த ஆளு. பெரும்பாலும் ஃபாரத்தை நிரப்புறது அவர்தான். உனக்கு ‘நோ’ போடப்போறதும் அவர்தான், உண்மை தெரியாமலே. அப்புறம் உன் எக்ஸ்ரேவால குடும்பத்து விசா மொத்தமும் மாசக்கணக்குல நிக்கும்போது எப்படியும் விஷயம் வெளிய வந்துடும். கிளினிக் வரவேற்பறையில வெச்சு அவருக்குத் தெரியவேண்டாம். ‘சின்ன வயசுல வந்துச்சு, முழுசா மாத்திரை சாப்பிட்டேன், இப்ப இல்ல. ஃபாரத்துல எழுதணும்’ – இவ்வளவுதான் சொல்லணும், அழுது அழுது கதை சொல்ல வேண்டியதில்ல. மாமியார்கிட்ட சொல்றதா வேணாமாங்கிறது உங்க ரெண்டு பேர் இஷ்டம். இமிகிரேஷன்காரங்க அதைக் கேக்கப்போறதில்ல.

4. பேப்பரை இப்பவே தேடு, மெடிக்கலுக்கு முந்தின நாள் இல்ல

வேணும்கிறது: டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை கொடுத்த அட்டை, சளிப் பரிசோதனை ரிசல்ட், பழைய எக்ஸ்ரே ஃபிலிம். ஃபிலிமைத் தூக்கிப் போட்டுடாதே. அன்னிக்கு இருந்த தழும்பு இன்னிக்கும் அப்படியேதான் இருக்குன்னு காட்டுறதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அரசாங்கத்துல மருந்து வாங்கியிருந்தா, அந்த ஏரியா காசநோய் பிரிவுல பேர், வருஷம் சொல்லிக் கேளு. சமீபத்துல எடுத்த சிகிச்சைன்னா அரசாங்க டி.பி. பதிவுல நிக்‌ஷய் ஐடி இருக்கும், தேடுறது சுலபம். தனியார் ஆஸ்பத்திரின்னா எழுத்துல கேளு. உள்நோயாளி ரெக்கார்டை மூணு வருஷம் வெச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு இந்திய மருத்துவ கவுன்சிலோட 2002 நெறிமுறைகள்லயே இருக்கு. ‘நாளைக்கு வாங்க’ன்னு இழுத்தா அதைச் சொல்லிக் காட்டு.

எதுவுமே கிடைக்கலைன்னா பொய்ச் சர்ட்டிஃபிகேட் வாங்க ஓடாதே. அது ரெண்டாவது பொய். நினைவிருக்கிற வருஷம், ஊர், எத்தனை மாசம் மருந்துங்கிறதை உள்ளபடி எழுதி, ‘ரெக்கார்ட் கிடைக்கவில்லை’ன்னு சொல்லிடு.

5. டாக்டர் லெட்டர் ஒரு பக்கம் போதும்

‘இவர் பூரண குணமடைந்துவிட்டார்’னு ஒத்தை வரியில வாங்கிட்டு வராதே, அது பிரயோஜனமில்ல. பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே பேர், பிறந்த தேதி, என்ன நோய், எப்போ கண்டுபிடிச்சாங்க, என்னென்ன மருந்து, ஆரம்பிச்ச தேதி, முடிச்ச தேதி, இப்போ நிலைமை. இங்கிலீஷ்ல, லெட்டர்ஹெட்ல, பதிவு எண்ணோட. ஃபாரத்துல நீ எழுதுறதும் இந்த லெட்டரும் ஒரே தேதியைச் சொல்லணும். மெடிக்கல்ல உன்னைப் பரிசோதிக்கிற பேனல் டாக்டர் கேக்கும்போதும் அதேதான். மூணு இடத்துல மூணு வருஷம் சொன்னா ஒழுங்கான ஆளையும் சந்தேகப்படுவாங்க.

6. மெடிக்கல் அன்னிக்கு

தெருமுனை லேப்ல எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அவங்க அங்கீகரிச்ச பேனல் கிளினிக்ல மட்டும்தான் செல்லும். பாஸ்போர்ட், மெடிக்கலுக்குன்னு அவங்க தர்ற ஹாப் ஐடி லெட்டர், கண்ணாடி போடுறவங்க கண்ணாடி, மேல சொன்ன ஃபைல் – எல்லாம் ஒரே பையில. பீரியட்ஸ் நாள்ல போகாதே. யூரின்ல ரத்தம் காட்டும், திரும்ப வரச்சொல்வாங்க. கர்ப்பம்னா எக்ஸ்ரேக்கு முன்னாடியே சொல்லிடு.

7. வேலையை விடாதே, டிக்கெட் போடாதே

எக்ஸ்ரேல தழும்பு தெரிஞ்சா சளிப் பரிசோதனை கேக்கலாம். மூணு நாள் காலையில சளி கொடுக்கணும். கல்ச்சர் ரிசல்ட்டுக்கு எட்டு வாரம் வரைக்கும் ஆகும். கிருமி மெதுவா வளர்ற ரகம், லேப்காரரை நச்சரிச்சு ஒண்ணும் ஆகாது. இந்த நேரத்துல வீட்டைக் காலி பண்றது, கார் விக்கிறது, பசங்க டி.சி. வாங்குறது எல்லாம் வேண்டவே வேண்டாம். ‘எதுக்கும் இருக்கட்டும்’னு மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்காதே. சில மருந்து கிருமியை அமுக்கி வெச்சு ரிசல்ட்டையே குழப்பிடும்.

ஒருவேளை இப்பவும் நோய் இருக்குன்னு தெரிஞ்சா, சிகிச்சை முடியற வரைக்கும் விசா நிக்கும். கதவை மூடிட்டாங்கன்னு அர்த்தமில்ல. மருந்தை முடிச்சிட்டுத் தொடரலாம். சொல்லப்போனா அப்ப விசாவைவிட உன் உடம்புதான் முக்கியம்.

8. 815-ன்னு ஒரு ஃபாரம் வந்தா பயப்படாதே

அது தண்டனையில்ல. ‘ஆஸ்திரேலியா வந்ததும் அங்க உள்ள டாக்டரைப் பார்ப்பேன்’னு நீ கையெழுத்துப் போட்டுத் தர்ற உறுதி. போய் இறங்கின 28 நாளுக்குள்ள அந்த ஃபாரத்துல சொல்லியிருக்கிற இடத்தைத் தொடர்புகொள்ளணும். வீடு தேடுற அவசரத்துல இதை மறந்துடுவீங்க, போன்ல அலாரம் வை.

9. மத்த நோய்

கட்டுப்பாட்டுல இருக்குற பிபி, சுகருக்கெல்லாம் சாதாரணமா விசா நிக்காது. எழுதிட்டுப் போ. கிட்னி, கேன்சர், எச்.ஐ.வி., குழந்தையோட வளர்ச்சிக் குறைபாடு மாதிரி விஷயத்துல, ஆஸ்திரேலியாவுக்கு எவ்வளவு செலவாகும்னு அவங்க கணக்குப் போட்டு, வரம்பைத் தாண்டுதான்னு பார்ப்பாங்க. அந்த வரம்பு ஜூலை 2024-ல 86,000 ஆஸ்திரேலிய டாலரா உயர்ந்துச்சு. நிறைய நிரந்தர விசாக்கள்ல குடும்பத்துல ஒருத்தர் தேறலைன்னா எல்லாருக்கும் போயிடும். சிலதுல மட்டும் விலக்கு கேக்க வழி இருக்கு. அதனால இப்படிப்பட்ட கேஸ்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடியே, ‘மாரா’ (ஆஸ்திரேலிய விசா ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யுற அமைப்பு) பதிவு எண் உள்ள ஆலோசகரைப் பாரு. எண்ணை அவங்க தளத்துல நீயே சரிபார்த்துக்கோ.

10. ஏற்கெனவே ‘நோ’ போட்டுட்டியா?

சரி, திட்ட மாட்டேன். தப்பான பதிலைத் திருத்துறதுக்குன்னே 1023-னு ஒரு ஃபாரம் வெச்சிருக்காங்க. அவங்க கண்டுபிடிச்சுக் கேக்குறதுக்கு முன்னாடி நீயா அனுப்புறது, கேட்டதுக்கு அப்புறம் விளக்கம் சொல்றதைவிட எவ்வளவோ மேல். ‘சிறு வயதில் வந்தது டி.பி. என்று தெரியாது, பெற்றோரிடம் கேட்டு அறிந்தேன்’ங்கிறதுதான் உண்மைன்னா, அதையே எழுது.

கட்டணமும் செலவு வரம்பும் மாறிக்கிட்டே இருக்கும். ஆஸ்திரேலிய உள்துறைத் தளத்துல ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் ஃபாரத்தைத் தொடு. ஆனா அம்மாவுக்குப் போன் போடுறதுக்கு எந்தத் தளத்தையும் பார்க்க வேண்டியதில்ல. முதல்ல அதைச் செய்.