பாடம் 9: கிழிந்த பட்டை

ரொறன்ரோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், பல்கனிக் கதவுக்கு முன்னால் பிளைண்ட்ஸ் தொங்கும். நீளமான பிளாஸ்டிக் பட்டைகள். நான் பந்து எறிந்தேன். ஒரு பட்டை "டப்" என்று விழுந்தது. அதன் மேல் ஓட்டை கிழிந்திருந்தது. பயத்தில் பட்டையைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அடுத்த நாள் காலை அம்மம்மா கதிரையைத் தள்ளித் தள்ளிப் போட்டார். அந்த இடைவெளியால் வெயில் அவர் கண்ணில் விழுந்தது. போன மாதம்தான் அவருக்குக் கண் ஒபரேஷன் நடந்தது.

நான் பட்டையை அப்பாவிடம் கொடுத்தேன்.

"இதை எறியவேணுமா, அப்பா?"

"ஏன்? கீழ்ப்பக்கம் நல்லாத்தானே இருக்கு. தலைகீழாத் திருப்புவம்."

பக்கத்துப் பட்டையைக் கழற்றி, அதன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அளந்தோம். அதே இடத்தைப் பென்சிலால் குறித்தேன்.

"விளிம்புக்குக் கிட்டப் போட்டா திரும்பவும் கிழிஞ்சிடும். கவனம்!"

காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சை அழுத்தினேன். பட்டை தடிப்பு. இரண்டு கையும் வேண்டியிருந்தது! அப்பா ஏணியில் ஏறி, இரண்டு பட்டைகளையும் கொக்கியில் மாட்டினார். "க்ளிக்!"

அம்மம்மா கதிரையைப் பழைய இடத்தில் போட்டார். யார் உடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை. நானே சொன்னேன்.

பேசுவோம்: உங்கள் வீட்டில் நீங்கள் எதைத் திருத்தினீர்கள்? யார் உதவினார்கள்?