பெருங்கோப்பும் முன் வினவுதலும்

ஈரோட்டு மஞ்சட் சந்தையில் மாதிரியைக் கண்டு விலை கூறுதல் நம் கொங்கு நாட்டார் நன்கறிந்ததே. மூட்டை முழுவதையும் அவிழ்த்துக் கொட்டிய பின்னர் வேண்டா என்பாராயின், சுமந்தவன் உழைப்பு வீணாம். கணிப்பொறிகள் தம்முட் பேசும் எச்.டி.டி.பி. என்னும் மரபிலோ இவ்வீண் நாடோறும் நிகழ்கின்றது.

ஒரு கோரிக்கை இரு பகுதியுடையது. முன்னே செல்வது தலைப்பு. அனுப்புவோன் யாவன், கோப்பின் அளவு யாது என்பன அதிற் காணப்படும். பின்னே வருவது உடல், அஃதாவது கோப்பு. சர்வர் மறுப்பதற்குரிய காரணங்களிற் பலவற்றைத் தலைப்பினின்றே அறியலாம். கோப்பு மிகப் பெரிதெனின் 413 என்றும், அனுப்புவோன் தன்னை மெய்ப்பிக்கவில்லையெனின் 401 என்றும் விடை கூறும். ஆயினும் அவ்விடை வருமுன்னரே அனுப்புவோன் கோப்பைச் சொரியத் தொடங்கிவிடுகின்றான். விநாடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் 1 ஜி.பி. கோப்புச் செல்ல 13 நிமிடத்திற்கு மேலாகும். நாளொன்றுக்கு இவ்வளவே என அளந்து வாங்கிய கைப்பேசி இணைப்பைக் கொண்டு, சத்தியமங்கலத்து மலையூர் ஒன்றினின்று தன் ஆய்வுப் படங்களை அனுப்பும் மாணாக்கனுக்கு, அன்றைய பங்கு முழுவதும் இதனாற் போதல் கூடும்.

இதற்குப் பரிகாரமாக 1999-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 2616 ஒரு முறை வகுத்தது. 2022-இல் வெளிவந்த 9110-உம் அதனைப் போற்றுகின்றது. அனுப்புவோன் 'எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ' என எழுதித் தலைப்பை மட்டும் விடுத்துச் சற்றே நிற்பான். 100 என்னும் விடை வரின் கோப்பைத் தொடர்வான். மறுப்பு வரின் நிறுத்திக்கொள்வான். சில சர்வர்கள் வாளா இருத்தலும் உண்டாகலின் எல்லையின்றிக் காத்தல் தகாது. கர்ல் என்னுங் கருவி ஒரு விநாடி காத்துப் பின்னர் அனுப்பத் தொடங்கும். உலாவிகளோ இம்முறையைக் கையாள்வதில்லை. அவற்றுள் இயங்கும் நிரலுக்கும் அத்தலைப்பை இடும் உரிமை இல்லை. இதனைப் பெருங்குறை என்றே யாம் கருதுகின்றோம்.

முன் வினவாது அனுப்பியவழி இடையில் நிறுத்துதல் எங்ஙனம்? ஈண்டே சிக்கல் மிகுதி. சர்வர் 413 எனக் கூறி, வந்து குவிந்ததைப் படியாமலே கதவடைத்தால், டி.சி.பி. 'ரீசெட்' என்னும் அறுப்புச் செய்தியை விடுக்கும். அது சென்று சேருங்கால், அனுப்புவோன் இன்னும் படியாத விடையும் அழிந்துபோதல் கூடும். அவனோ காரணம் அறியானாய், இணைப்பு அறுந்ததென்று எண்ணி அதே கோப்பை மீண்டும் அனுப்புவான்! ஆகலின் சர்வர் தான் பேசும் பக்கத்தை மட்டும் முதலில் அடைத்து, சிறிது நேரம் வருவதைப் படித்து எறிந்து, அதன் பின்னரே முற்றும் அடைத்தல் வேண்டும். எச்.டி.டி.பி. 2-இல் இவ்விடர் குறைவு. முழு விடையையும் அளித்த பின் அவ்வோர் ஓடையை மட்டும் நிறுத்தலாம், ஏனைய ஓடைகளுக்கு ஊறில்லை.

உலாவிக்கு நிரல் எழுதும் நம் மாணாக்கர் கோப்பின் அளவை அங்கேயே அளந்து, சிறு கோரிக்கையொன்றால் இசைவு பெற்று, பின்னர்த் துண்டு துண்டாக அனுப்புவாராக. இடையில் மறுப்பு வரினும் வீணாவது ஒரு துண்டே.